லைன் வீட்டுக் கக்கூஸ் கதவு

அதைக் கதவு என்று சொல்கிறவன் வாயில் மண்ணைத்தான் அள்ளிப் போட வேண்டும். கோவிந்தம்மாள் வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகள் முடிகிற இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், எட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து இருந்த ஒரே கக்கூஸில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் தகரமாக இருந்திருக்கும். இப்போது அடிப்பக்கத்தைத் துரு தின்று தீர்த்துவிட்டது. நடுவில் வேறு ஓட்டைகள். தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே போகிறவர்கள் ஒரு கையால் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டே காரியத்தை முடிக்க வேண்டும். அந்த எட்டு வீட்டுப் பெண்களும் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். எங்கேயோ குளிர் தேசத்தில் இருக்கிறவன் காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்கூடாது என்று ஒரு தையல் பிசகாமல் தைத்துக் கொடுக்கிறவர்கள். அவர்கள் மானத்துக்கு இந்தத் தகரம் போதும் என்று இத்தனை வருஷமாக எல்லாரும் இருந்துவிட்டார்கள்.

பூரணியும் அப்படித்தான் இருந்தாள், தன் மகள் ஹரிணிக்கு அது நடக்கிறவரைக்கும்.

ஹரிணி வாணியம்பாடியில் காலேஜ் படிக்கிறாள், இரண்டாவது வருஷம். மாசி கடைசியில் ஒரு நாள் காலையில் உள்ளே போனவள், கதவு ஓட்டையில் ஒரு கண்ணைப் பார்த்தாள். கத்தவில்லை. பக்கெட்டிலிருந்த தண்ணீரை மக்கில் மொண்டு அந்த ஓட்டை மேலேயே வீசி அடித்தாள். செருப்புச் சத்தம் தடதடவென்று ஓடியது. வெளியே வந்து பார்த்தால் தொட்டிக்குப் பக்கத்தில் ஓனரம்மா கோவிந்தம்மாளின் மகன் கோபி நின்றுகொண்டு செல்போனை நோண்டுகிறான். வாயில் விசில். முகமும் சட்டைக் காலரும் சொட்டச் சொட்ட ஈரம். மொபைல் கடை வைத்திருக்கிறவன், கல்யாணத்துக்குப் பெண் தேடிக்கொண்டிருக்கிறவன், தெருவில் ‘தங்கமான புள்ள’ என்று பேர் வாங்கினவன்.

அன்றிலிருந்து ஹரிணி தண்ணீர் குடிப்பதை விட்டாள். காலையில் ஒரு வாய், அதோடு சரி. காலேஜ் பஸ்ஸில் நாள் பூராவும் உதடு காய்ந்து போய் வருவாள். பங்குனி வெயில் வேலூர்ப் பக்கம் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. நாய்கூட சாக்கடைத் தண்ணீரில் படுத்துக் கிடக்கும். பத்து நாளில் அடிவயிற்றுவலி வந்து, குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டாள், "ஏம்மா, தண்ணியே குடிக்க மாட்டியா? அடக்கி அடக்கி உள்ள புண்ணாயிருக்குது. படிச்ச பொண்ணுதானே?" ஹரிணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூரணிக்கு அந்த டாக்டரம்மாவைப் பிடித்து இழுத்துவந்து அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார வைக்கலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு நேரே கோவிந்தம்மாள் வீட்டு வாசலுக்குப் போனாள். பக்கத்து வீட்டு ஹலீமா பீயும் கூட வந்தாள். கோவிந்தம்மாள் பளபளவென்ற எவர்சில்வர் கேட்டுக்குள், போர்டிகோவில் ஃபேன் போட்டுக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டு பாத்ரூமுக்குத் தேக்குக் கதவு என்பது அந்த லைனில் எல்லாருக்கும் தெரியும். கிரகப்பிரவேசத்தில் அவளே ஒவ்வொருத்தரையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"அந்தக் கதவ மாத்திக் குடுங்கம்மா," என்றாள் பூரணி.

"அதுக்கு இன்னா இப்ப? அது பாட்டுக்குக் கீது. தீவாளிக்குப் பாக்கலாம்."

"தீவாளி வரைக்கும் ஒண்ணுக்கு வராம இருக்குமாம்மா?"

"வாய் ஜாஸ்திதான் உனக்கு."

"எவனோ வந்து எட்டிப் பாக்கறாம்மா. வயசுப் பொண்ணு இருக்கற எடம்."

கோவிந்தம்மாள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாரு பாக்கப் போறா? பூன கீன வந்திருக்கும்."

"பூன மூஞ்சில தண்ணி ஊத்துனா சட்டக் காலரு நனையுமாம்மா?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். எல்லாம் தெரிந்த முகம். தெரியாத மாதிரி நடிப்பதற்குக்கூட அவள் சிரமப்படவில்லை. "இதோ பாரு பூரணி. எம்புள்ளய இழுத்தே, நல்லா இருக்காது. உம்பொண்ணு ஒழுங்கா அடக்கமா இருந்தா எவன் பாக்கப் போறான்? இஷ்டமிருந்தா இரு, இல்லன்னா காலி பண்ணிக்கினு போ. க்யூல நிக்கறாங்க ஆளுங்க."

"நீங்க போடாட்டி நானே போட்டுக்கறேன்."

"போடேன்! தேக்குலயே போடு, யாரு வேணான்னா?" கோவிந்தம்மாள் சிரித்தாள். "கேட்டியா ஹலீமா? இவ கதவு போடப் போறாளாம்."

"கேட்டேன்மா, நல்லாக் கேட்டேன்," என்றாள் ஹலீமா பீ. அவள் சிரிக்கவில்லை.

வீட்டில் நாகேந்திரன் வேறு ஒரு முடிவோடு உட்கார்ந்திருந்தான். பூரணியின் புருஷன் தோல் பதனிடுகிற ஷாப்பில், தோலை ஊறப்போட்டுச் சுற்றுகிற டிரம்மை ஓட்டுகிறவன். நாளெல்லாம் ஈரத்தில் நின்று நின்று பாதம் வெளுத்துப்போன மனுஷன். சண்டை என்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவான், அடிக்க இல்லை, சத்தம் கேட்காமல் போக. ராகிக் களியை உருட்டிக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்தபடியே சொன்னான்:

"ஒடுகத்தூர்ல எங்கக்கா வூட்ல கொஞ்ச நாளு இருக்கட்டும் புள்ள. கடல பறிக்கற நேரம், அவளுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

"காலேஜு?"

"காலேஜு எங்க ஓடிடப் போவுது? வெளிய தெரிஞ்சா நம்ம பொண்ணு பேருதான் நாறும். அப்புறம் நாளைக்கு ஒருத்தன் கட்டிக்க வருவானா?"

"எவனோ ஒருத்தன் கண்ணு அழுகிப் போனதுக்கு எம்பொண்ணு படிப்ப வுட்டுட்டு கடல பறிக்கப் போவணுமா? அவன் இங்கயே விசில் அடிச்சிக்கினு இருப்பான், இவ ஓடணும், அதானே? நல்லா இருக்குதுய்யா உங்க நாயம்!"

"மெதுவாப் பேசு."

"மெதுவாப் பேசிப் பேசித்தான் இந்த கதி."

அவன் களியை விழுங்கிவிட்டு எழுந்தான். "திங்கக்கெழமை காலைல பஸ் ஏத்திடறேன்." அவனுக்குக் கோபம் வராது, அதுதான் பேஜார். சொன்னதைச் செய்துவிடுவான். உள்ளே பாயில் படுத்திருந்த ஹரிணி புஸ்தகப் பையைத் தலைமாட்டிலிருந்து நகர்த்திச் சுவரோரம் வைத்தாள். அதைப் பார்த்துத்தான் பூரணிக்குப் புரிந்தது. பெண் அதற்குள் போகத் தயாராகிவிட்டாள்.

திங்கட்கிழமைக்குள் கதவு நிற்க வேண்டும். கதவு நின்றால் அவள் இருப்பாள். அவ்வளவுதான் கணக்கு.

பஸ் ஸ்டாப் வெல்டிங் கடைக்காரன் கோபிக்கு தோஸ்த். "ஓனர் சொல்லாம அவங்க வூட்டுக் கதவுல கை வெக்க மாட்டேன்க்கா," என்று கையை விரித்தான். பூரணி யோசித்தாள். கம்பெனியில் சாம்பிள் ரூமில் அவள்தான் கட்டிங். புது மாடல் ஷூ வந்தால் முதல் ஜோடிக்குத் தோலை மிஷினில் வெட்ட மாட்டார்கள், கையால்தான் வெட்ட வேண்டும். அந்தக் கத்தியைப் பதினேழு வருஷமாகப் பிடிக்கிறாள். தோல் என்ன, தகடு என்ன? கோடு போட்டு வெட்ட வேண்டியதுதானே. வெல்டிங் எதற்கு, துளை போட்டு ரிவெட் அடித்தால் நிற்காதா? ஹலீமா பீயின் மகன் தானிஷ் அதே கம்பெனியில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைக்கு கிரைண்டரும் டிரில்லும் ரிவெட் அடிக்கிற கருவியும் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டான். "இரும்ப மட்டும் நீயே பாத்து எடுத்தாந்துடுக்கா."

சனிக்கிழமை அரை நாள். ஷிப்ட் முடிந்து பைபாஸ் ஓரத்து முஜாஹித் பாய் காயலான் கடைக்குப் போனாள். மூடிப்போன தோல் ஷாப்புகளின் சாமானெல்லாம் கடைசியில் வந்து சேர்கிற இடம் அது. டிரம் வளையம், பம்ப் செட், கொக்கி மாட்டின சங்கிலி என்று வெயிலில் காய்ந்து கிடந்தது. பழைய தோல் நாற்றம் இரும்பிலிருந்துகூட வந்தது.

"இன்னாம்மா, விக்கணுமா?"

"வாங்கணும் பாய். ஒரு கதவுக்கு சட்டம் போட ஆங்கிளும், மூடறதுக்கு தகடும்."

"கதவா? வூட்டுக்காரரு வரலயா?"

"கக்கூஸ் கதவு பாய். ஆம்பளைக்கு ஊரெல்லாம் சொவுரு இருக்குது, அவருக்கு இன்னா அவசரம்?"

முஜாஹித் பாய் பெரிதாகச் சிரித்தார். எழுந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். "இத்தப் பாரு. டாகிள் பிளேட்டு. தோல இஸ்து கிளிப்பு போட்டுக் காயப் போடுவாங்களே, அது. கெட்டி மால். மழைல கெடந்தாலும் துரு புடிக்காது. கம்மியாப் போட்டுத் தர்றேன்."

பூரணி பார்த்தாள். ஆள் உயரத் தகடு, நல்ல கனம். மேலிருந்து கீழ்வரை விரல் நுழைகிற மாதிரி ஓட்டை, ஓட்டை, ஓட்டை. தோலின் ஈரம் போகவும் கிளிப் மாட்டவும் போட்ட துளைகள். அப்படி ஒரு அடுக்கே சாய்ந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது.

"ஓட்டையாலதான் பாய் நான் இங்க வந்து நிக்கறேன். ஓட்ட இல்லாததாக் குடுங்க."

அடுத்ததாக அவர் காட்டின தகடு ஓட்டையில்லாமல் இருந்தது. பச்சைப் பெயின்ட், பார்க்க லட்சணம். பூரணி விரல் முட்டியால் தட்டினாள். கணீரென்று வரவில்லை, அட்டையைத் தட்டின மாதிரி பொத்தென்று வந்தது. ஓரத்தை நகத்தால் கிள்ளினாள். பொரைபொரையாக உதிர்ந்தது.

"உப்பு ஷெட்டுல இருந்ததா பாய்?"

"ஆமாம்மா, பச்சத்தோலு அடுக்கற எடம். அதனால இன்னா? இன்னொரு கோட்டு பெயின்ட் அடிச்சிட்டா தெரியாது."

"தெரியாம இருக்கறதுக்கா பாய் கதவு போடறேன்? உப்பு உள்ள போயி தின்னுடுச்சி. ரெண்டு மழைக்கு மறுபடி கண்ணு வெச்சிப் பாக்கற மாதிரி ஆயிடும்."

பாய் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "கண்ணா? இன்னாம்மா விஷயம்?"

அவள் சொன்னாள். பேர் சொல்லவில்லை, மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரியையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போனது. தராசுக்கு அந்தப் பக்கம் நின்ற லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நினைத்தாள். வெட்கப்பட வேண்டியவன் விசில் அடிக்கிறான், நான் ஏன் மெதுவாகப் பேச வேண்டும்?

"பேமானிப் பய," என்றார் பாய். கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், தார்ப்பாயை விலக்கினார். தோலுக்குச் சாயம் அடிக்கிற ஸ்ப்ரே மிஷினுக்குப் பக்கச் சுவராக இருந்த தகடு. காபிக் கலர் சாயம் ஏடு ஏடாக மேலே காய்ந்திருந்தது. "குடியாத்தத்துல தறிக்காரர் ஒருத்தர் கேட்டு வெச்சிருக்காரு. அவரு ஷெட்டுக்கு வேற தகடு போட்டுக்குவாரு. எடுத்துக்கோ."

பூரணி தட்டினாள். கணீர் என்றது. கல்யாணப் பந்தலில் நாதஸ்வரம் கேட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அந்தப் பக்கம் போகிற குட்டியானை ஒன்றில் தகட்டையும் ஆங்கிளையும் ஏற்றி, பின்னால் தானும் ஏறிக்கொண்டு, தகடு சரியாமல் காலால் அணைத்தபடி லைனுக்கு வந்து இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தம்மாளும் கோபியும் காரில் விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பெண் பார்க்கும் விஷயமாக வேண்டுதலாம். தானிஷ் காலையிலேயே சாமான்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். அவனுக்குப் பேரணாம்பட்டில் ஒரு நிக்காஹ், பிரியாணி ஆறிவிடும் அவசரம். ஹலீமா பீ வீட்டுப் பிளக்கிலிருந்து வயர் இழுத்து, கிரைண்டரை ஓட்டிக் காட்டினான்.

"வீல நேரா வெய்க்கா, சாய்க்காத. கண்ணாடி போட்டுக்கோ. ஃபிரேமுக்கு மேல ஷீட்டு அப்படியே மூடி நிக்கணும். அளவுக்கு ஒரு நூல் ஜாஸ்தியாவே வெட்டு, அப்புறம் தேய்ச்சிக்கலாம்."

"தம்பி, வெட்டறதப் பத்தி எனக்கே சொல்றியா? போ, போய் சாப்புடு."

அவன் போனான். பூரணி தகட்டைத் தரையில் செங்கல் மேல் கிடத்தினாள். கம்பெனியில் தோலுக்குக் குறி போடுகிற சில்வர் பேனா பையில் இருந்தது. அதையே எடுத்து, காபிக் கலர் தகட்டின் மேல் கோடு போட்டாள். வெள்ளிக் கோடு பளிச்சென்று விழுந்தது. பிறகு நாகேந்திரனின் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கிரைண்டரை அழுத்தினாள்.

அந்தச் சத்தத்தில் லைன் முழுக்க வெளியே வந்துவிட்டது. தீப்பொறி வாசல் வரைக்கும் பறந்தது. முதலில் கை ஆடியது. கத்தி மாதிரி இல்லை இது. கத்தி நாம் சொன்ன பக்கம் போகும், இது தன் இஷ்டத்துக்கு இழுத்தது. கால் பெருவிரலால் தகட்டை மிதித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கோட்டை விட்டு விலகாமல் கொண்டுபோனாள். காய்ந்த சாயம் தீய்ந்து நாறியது. மூன்றாவது வீட்டு எழிலரசி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:

"இன்னா பூரணி, ராக்கெட்டு வுடறியா?"

"ஆமா, உன்னத்தான் மொதல்ல ஏத்தி அனுப்பப் போறேன். வந்து அந்தக் கோடிய மிதிச்சிக்கோ, ஆடுது."

எழிலரசி வந்து மிதித்துக்கொண்டாள். ஹலீமா பீ ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள். வெயில் உச்சிக்கு ஏறியபோது ஆங்கிள் நான்கும் வெட்டி, மூலைக்கு மூலை போல்ட் போட்டு, சட்டம் தயாராகிவிட்டது. கக்கூஸ் வாசலில் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். அச்சு மாதிரி உட்கார்ந்தது. பூரணிக்குத் தலை கால் புரியவில்லை. வெட்டின தகட்டைச் சட்டத்தின் மேல் வைத்து, கீல் பக்கத்திலிருந்து துளை போட்டு வரிசையாக ரிவெட் அடித்தாள். அது முடிந்ததும், பழக்கம் போல, எதிர்ப் பக்கத்து ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

தகடு வரவில்லை.

மறுபடி இழுத்தாள். அப்புறம்தான் தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஷூவுக்கு உள் லைனிங் வெட்டும்போது ஒரு நூல் கம்மியாகத்தான் வெட்டுவார்கள். சரியான அளவுக்கு வெட்டினால் உள்ளே சுருக்கம் விழும். கம்மியாக வெட்டி இழுத்து ஒட்டினால் விறைப்பாக நிற்கும். தோல் இழுத்தால் நீண்டு கொடுக்கும். அந்தக் கை, யாரையும் கேட்காமல், அகலத்தில் இரண்டு பக்கமும் தாராளமாக உள்ளே தள்ளிக் கோடு போட்டிருந்தது. கிரைண்டர் வீல் வேறு தன் பங்குக்குத் தின்றிருந்தது. இரும்பு எங்கே கொடுக்கும்? தாழ்ப்பாள் பக்கம் மேலிருந்து கீழ்வரைக்கும் சுண்டுவிரல் நுழைகிற சந்து. அதற்குள்ளே வெளிச்சம் கோடு போட்ட மாதிரி தெரிந்தது.

எழிலரசிகூடக் கேலி செய்யவில்லை. ஹரிணி வாசல்படியில் நின்று அந்தச் சந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

நாகேந்திரன் வந்து பக்கத்தில் குந்தினான். "வுடு பூரணி. அட்ட கிட்ட வெச்சி அடச்சிக்கலாம். நாளைக்குப் பஸ்ஸுக்கு அவ துணிய எடுத்து வெய்யி."

"அட்டையா?" பூரணி கையுறையைக் கழற்றி அவன் மடியிலேயே வீசினாள். "எம்பொண்ணுக்கு அட்டையா? அவ பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல எங்கம்மாவே வந்து பொறந்துட்டான்னு தூக்கிக்கினு ஆடுனியே, அவளுக்கா அட்ட? ஒரு நாளாவது அந்த நாயைப் போயி ஏன்டான்னு கேட்டியா? இரும்பு கம்மியாப் போச்சின்னா ஒட்டுப் போட்டுக்குவேன். மனுஷன் கம்மியாப் போனா நான் எத்த வெச்சி ஒட்டறது?"

நாகேந்திரன் முகம் சிறுத்துப் போனது. லைனே கேட்டுக்கொண்டிருந்தது. அவன் எழுந்து போய்விடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் கையுறையை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டான். "எந்தத் துண்ட வெட்டணும், சொல்லு."

மிச்சத் தகட்டிலிருந்து நீளவாக்கில் ஒரு பட்டை வெட்டினார்கள். இந்தத் தடவை பூரணி கோட்டை நன்றாக வெளியே தள்ளிப் போட்டாள். அவன் பிடித்துக்கொண்டான், அவள் வெட்டினாள். பொறி அவன் முழங்கையில் விழுந்தபோதுகூட விடவில்லை. பட்டையைச் சந்தின் மேல் தாராளமாக ஏற்றிவைத்து, ஒரு வரிசை தகட்டிலும் ஒரு வரிசை சட்டத்திலுமாக நெருக்கமாக ரிவெட் அடித்தாள். பார்க்க ஒட்டுப்போட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வரவில்லை. பழைய தகரத்தைக் கழற்றி சாக்கடையோரம் எறிந்தார்கள். சுவரில் துளை போட்டுக் கீல் மாட்டி, கதவை ஏற்றி, உள்பக்கம் விரல் தடிமன் தாழ்ப்பாள் போட்டு முடித்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. எழிலரசி உள்ளே போய்த் தாழ் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "ஏ, உள்ள ஒண்ணுமே தெரியலடி, லைட்டு போடணும்," என்றாள். ஹலீமா பீ தால்ச்சா கிண்ணத்தோடு வந்தாள். எல்லாரும் கதவைச் சுற்றி நின்று, கையால் தடவிப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.

கார் வந்து நின்றது. கோவிந்தம்மாள் நெற்றி நிறைய விபூதியோடு இறங்கினாள்.

"இன்னாது இது? யாரக் கேட்டு என் செவுத்துல தொள போட்டீங்க?"

"உங்களத்தாம்மா கேட்டேன். போடேன்னு நீங்கதான் சொன்னீங்க."

"வெளயாட்டுக்குச் சொன்னா போட்டுடுவியா? பிச்சக்காரி துணி மாதிரி ஒட்டுப் போட்டு வெச்சிக்கினு! நாளைக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வந்து பாத்தா இன்னா நெனப்பாங்க? கழட்டு மொதல்ல."

"நான் கேட்டுக்கினுதான்மா இருந்தேன்," என்றாள் ஹலீமா பீ. "தேக்குலயே போடுன்னு சொன்னே."

"நீ சும்மா இரு. டேய் கோபி, கார்ல ஸ்பேனர் இருக்குது பாரு, எடுத்தாந்து கழட்டி எறி."

கோபி ஸ்பேனரோடு வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் வந்தான். பூரணி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் தொண்டையில் வைத்திருந்ததை இனிமேல் வைத்திருக்க முடியவில்லை.

"கேட்டுக்குங்க எல்லாரும். இவன்தான். எம்பொண்ணு உள்ள இருக்கும்போது ஓட்டைல கண்ணு வெச்சிப் பாத்தவன் இந்த கோபிதான். மூஞ்சில தண்ணி வாங்கிக்கினு நின்னவன். இவனுக்கு இந்தக் கதவுமேல ஏன் இவ்ளோ கோவம்னு கேளுங்க!"

"பொய் சொல்றா!" கோவிந்தம்மாள் கத்தினாள். "யாரு பாத்தது? சாட்சி இருக்குதா?"

எழிலரசி மெதுவாக, "போன ஆடில நான் உள்ள இருந்தப்பவும் இவன் நின்னான்," என்றாள்.

பூரணி அவள் பக்கம் திரும்பினாள். "பாத்தியா? பாத்துட்டு சும்மாவாடி இருந்த?"

"எங்க வூட்டுக்காரரு சொல்ல வேணான்னுட்டாரு," என்றாள் எழிலரசி. அழ ஆரம்பித்துவிட்டாள். பூரணிக்கு அவளை அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. நாகேந்திரன் வந்து பூரணிக்குப் பக்கத்தில் நின்றான். அவன் கையில் இன்னும் அந்த ரப்பர் கையுறை இருந்தது. "கதவத் தொடாத தம்பி," என்றான். சத்தமாகச் சொல்ல வரவில்லை அவனுக்கு. ஆனால் சொன்னான்.

"இவளுங்க பேச்செல்லாம் கேட்டுக்கினு நிக்கற? போடா, கழட்டு!" என்று கோவிந்தம்மாள் மகன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். கோபி சுவரோரமாக நுழைந்து கதவருகில் போய்விட்டான். கீலைக் கழற்ற வேண்டுமானால் கதவைத் திறந்தாக வேண்டும். கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். கதவு அசையவில்லை. ஸ்பேனரால் ஓங்கித் தட்டினான். கணீர் என்று லைன் முழுக்கக் கேட்டது.

பூரணி திரும்பித் தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். படியில் யாருமில்லை. வாசலில் எப்போதும் இருக்கிற பக்கெட்டும் இல்லை. இந்தக் கூச்சலில் மகள் எப்போது எழுந்து வந்தாள் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

"ஆள் இருக்குது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கோபியின் கை ஸ்பேனரோடு அப்படியே நின்றது. அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா கார் பக்கம் திரும்பிக்கொண்டாள். லைன் மொத்தமும் அவனைத்தான் பார்த்தது. உள்ளே மக்கில் தண்ணீர் மொள்ளும் சத்தம் நிதானமாகக் கேட்டது.

அவன் இன்னொரு தடவை, இந்த முறை விரல் முட்டியால், லேசாகத் தட்டினான்.

"ஆள் இருக்குதுன்னு சொல்றேன் இல்ல?" என்றாள் ஹரிணி. "தள்ளிப் போய் நில்லு."